ரேகை ஓடிய மரத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: கேரளாவின் கொழிஞ்சாம்பாறையில் இருந்து எழுதுகிறேன். கானமேளாக் குழுவிலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். கோயம்புத்தூர் கடை ஒன்றில் ஐந்து கம்பி ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் ஓடும் டோன் சர்க்யூட் உள்ளது) ஒன்றைப் பார்த்ததில் இருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை. முகப்பு முழுக்க குவில்டட் மேப்பிள், அதாவது அலை அலையாக ரேகை ஓடிய மேப்பிள் மரம். அதே மாடல் சாதா பெயிண்டிலும் இருக்கிறது. பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பகுதி), சர்க்யூட் எல்லாம் ஒன்றுதான், ஆனால் விலை 15,000 ரூபாய் குறைவு. மரம் மாறினால் சத்தமும் மாறும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: அந்த 15,000 ரூபாயும் கண்ணுக்குத்தான். அது தெரிந்தே, மனது நிறைந்து கொடுத்தால் தவறே இல்லை. ஆசைப்பட்ட வாத்தியத்தைத் தினமும் கையில் எடுக்கத் தோன்றும், சாதகமும் கூடும். ஓசைக்காகக் கொடுப்பதாக நினைத்தால் மட்டும் வேண்டாம்.

குவில்டட் ரேகை பெரும்பாலும் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் வளரும் பெரிய இலை மேப்பிளில் கிடைக்கிறது. மர நார் நேராக ஓடாமல் அலை அலையாக ஓடுவதால் வெளிச்சம் ஒரு பக்கம் பளிச்சிடும், பக்கத்திலேயே மங்கும். இரட்டை நிறப் பட்டுப் புடவையைத் திருப்பினால் நிறம் மாறுவதைப் போல, பேஸைச் சாய்த்தால் ரேகையும் நகர வேண்டும். நகராமல் அப்படியே இருந்தால் அது மரத்தின் மேல் ஒட்டிய அச்சுப் படமாக இருக்கலாம். அப்புறம் விளிம்பைப் பாருங்கள். முகப்பின் ரேகை ஓரத்தில் இறங்கி சில மில்லிமீட்டர் தெரிந்தால் அது தனிப் பலகை. கோடு போல மெல்லியதாக நின்றுவிட்டால் வெனீர் எனும் மெல்லிய மரத் தகடு, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்த விலை வரிசையில் வெனீர்தான் சகஜம், அதில் ஏமாற்று இல்லை. அதைப் 'பலகை' என்று சொல்லி விற்றால்தான் ஏமாற்று. அந்த மெல்லிய தகடு ஓசையை மாற்றும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஓசையைத் தீர்மானிப்பவை கம்பி, பிக்கப், அது உட்கார்ந்திருக்கும் இடம், உங்கள் விரல்.

பளபளப்பைப் பார்த்தது போதும், நெக்கை, அதாவது கம்பி ஓடும் கழுத்தைப் பாருங்கள். ஒரு கம்பியை முதல் ஃபிரெட்டிலும் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கோடு) கடைசி ஃபிரெட்டிலும் சேர்த்து அழுத்தினால் ஏழு, எட்டாவது ஃபிரெட் பக்கம் 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருந்தால் நல்லது. கம்பி ஒட்டிக்கொண்டாலும், நெக் அதிகமாக வளைந்து இடைவெளி கூடியிருந்தாலும் ட்ரஸ் ராடைத் (நெக்கின் உள்ளே இருந்து வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பி) திருப்பிச் சரிசெய்து காட்டச் சொல்லுங்கள். திருப்ப முடியாத ட்ரஸ் ராடு இருந்தால் எத்தனை அழகான மேப்பிளாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். உங்கள் ஊருக்கு இது முக்கியம்: பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் வறண்ட காற்றும், ஜூன் மழையின் ஈரமும் மாறி மாறி நெக்கை அசைக்கும். வருடத்துக்கு இரண்டு முறையாவது சரிபார்க்க வேண்டியிருக்கும். விரல் அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டு ரோஸ்வுட் என்றால் அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி இனமாகவே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கு அவ்வப்போது துளி எண்ணெய் போதும்.

ஐந்தாவது கம்பியான தாழ்ந்த 'பி'யைத் தனியாக வாசித்துக் கேளுங்கள். தொளதொளவென்று இருந்தால் 34 இன்ச் ஸ்கேலுக்குப் (கம்பி அதிரும் நீளம்) பதில் 35 இன்ச் பேஸையும் ஒரு முறை கையில் எடுத்துப் பார்க்கலாம்.

கேள்வி: அதே பேஸை வாங்கினால் டோனை எப்படி வைப்பது? வீட்டில் சின்ன ஆம்பில் அருமையாக இருப்பது, திருவிழா மேடையில் 'கும்' என்று குழம்பிவிடுகிறது.

பதில்: உங்கள் வீட்டு ஆம்ப்தான் இங்கே ஆளை ஏமாற்றுகிறது. நான்கு கம்பி பேஸின் தாழ்ந்த 'இ' 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பியின் 'பி' 31 ஹெர்ட்ஸ். எட்டு இன்ச் ஸ்பீக்கரால் இதைச் சரியாகத் தர முடியாது. மேல் ஸ்வரங்களை வைத்துக் காது அதைக் கற்பனை செய்துகொள்கிறது. போதாததால் தாழ்ந்த ஓசையைக் கூட்டும் பேஸ் குமிழை நீங்கள் திருகுகிறீர்கள். அதே அமைப்போடு 18 இன்ச் சப்வூஃபர் வைத்த மேடைக்குப் போனால் அங்கே உண்மையான 41 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது, நீங்கள் கூட்டியதும் சேர்ந்து வருகிறது. கிக் டிரம்மும் அதே இடத்தில் நிற்பதால் எல்லாம் குழைந்துவிடுகிறது.

எல்லாக் குமிழும் நடுவில் 'டக்' என்று நிற்கும் இடத்தில் வையுங்கள், வால்யூம் முழுசாக. இரண்டு பிக்கப்புக்கு இடையிலான பிளெண்ட் குமிழை முதலில் தொடுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் மிட், அதாவது நடு ஓசை, கொஞ்சம் உள்வாங்கும். தனியாக வாசிக்க இனிமை, கூட்டத்தில் காணாமல் போகும். பிரிட்ஜ் (பாடியில் கம்பி முடியும் இடம்) பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் ஸ்வரம் தெளியும். இப்போதும் போதவில்லை என்றால் மட்டும் மிட் குமிழைக் கூட்டுங்கள். மிட்டின் அலைவரிசையை மாற்றும் ஸ்விட்ச் இருந்தால் 200-300 பக்கத்தைவிட 500-700 ஹெர்ட்ஸ் பக்கமே உதவும். இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் தனிப் பாட்டாகவே ஓடுவதால், அவற்றை வாசிக்கும்போது இந்த மிட் இல்லாமல் முடியாது. பேஸ் குமிழை நடுவில் இருந்து கூட்டவே வேண்டாம், மேடையில் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். உயர் ஓசையான ட்ரெபிளைக் கூட்டினால் விரல் உரசும் சத்தம்தான் முதலில் வரும். சர்ச்சில் எதிரொலி நீளமாக இருக்கும், அங்கே குமிழைவிட உள்ளங்கையால் ஸ்வரத்தைச் சீக்கிரம் நிறுத்துவதுதான் பலன் தரும்.

கம்பி பழசானால் எந்தக் குமிழும் உதவாது. வாசித்து முடித்ததும் வியர்வையைத் துடையுங்கள். பழைய சினிமாப் பாட்டின் உருண்ட ஓசை வேண்டுமென்றால் ஃபிளாட்வவுண்ட் கம்பி (மேல்சுற்று தட்டையாக, வழவழப்பாக இருக்கும்) போடுங்கள், பாடியின் மரத்துக்குச் செலவழிப்பதைவிட அதில் வித்தியாசம் நன்றாகவே கேட்கும்.

கேள்வி: ஆக்டிவ் பேஸில் பேட்டரி அடிக்கடி தீர்ந்துவிடும் என்கிறார்களே?

பதில்: கேபிளைச் சொருகியதுமே 9 வோல்ட் பேட்டரி வேலை செய்யத் தொடங்கிவிடும். சொருகியபடியே இரவு முழுக்க விட்டால் தீரத்தான் செய்யும். வாசித்ததும் உருவிவிடுங்கள். சத்தம் கரகரத்தால் பேட்டரியை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் மெக்கானிக்கைத் தேட வேண்டும்.

கேள்வி: கடை தமிழ்நாட்டில், நான் கேரளாவில். பழுது வந்தால் கோயம்புத்தூருக்கு அலைய வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ புகார் கொடுக்கலாம். பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் இதெல்லாம் பில் இருந்தால்தான் எளிது. மாடல், சீரியல் எண், மேப்பிள் பலகையா வெனீரா என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருந்தாலும் பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிகம்தான். பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் சட்டம் 30 நாள் தருகிறது. ஒரு வாசிப்பாளரிடம் நேரடியாகப் பழைய பேஸ் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது, ஏனென்றால் அவர் வியாபாரி இல்லை. அப்படி வாங்குவதானால் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே ஆம்பில் சொருகி எல்லாக் குமிழையும் திருகிப் பாருங்கள்.