கேளுங்க, சொல்றன்: சந்தா தராதவரும் சவுண்ட் பொக்ஸ்காரரும்

கேள்வி: அக்கா, நான் கல்முனைப் பக்கம் ஒரு மாடி வீட்டுத் திட்டத்துக்குச் செயலாளரா இருக்கன், சம்பளமும் இல்ல ஒண்டும் இல்ல, கூட்டத்துல கையக்காட்டி இழுத்து உட்டுட்டாங்க. கீழ்மாடியில ஒருத்தர் மாசச் சந்தா தாறதே இல்ல, ஆனா பொதுத் தாங்கித் தண்ணியில தினமும் ஓட்டோ கழுவுறாரு. கேட்டா "நீ யாருடா கேக்க?" எண்டு சண்டைக்கு வாறாரு. தண்ணிய வெட்டி உட்டா என்ன?

பதில்: வெட்டாதீங்க தம்பி. வெட்டினா அடுத்த நாளே உங்கட பேர்ல பொலிசுல முறைப்பாடு நிக்கும், மறுகா சந்தாக் கதைய யாரும் கதைக்க மாட்டாங்க.

"நீ யாரு" எண்டு கோவத்துல கேட்டாலும் அது நியாயமான கேள்விதான், அதுக்கு முதல்ல உங்களுக்கு விடை தெரிஞ்சிருக்கணும். 1973ஆம் ஆண்டு 11ஆம் இலக்கத் தொடர்மாடிச் சட்டப்படி உங்கட கட்டடத்துப் பிளான் காணிப் பதிவகத்துல பதிஞ்சிருந்தா, வீட்டுச் சொந்தக்காரங்க எல்லாரும் சேந்ததுதான் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம், சந்தா போடவும் தராட்டி கடன் மாதிரி வழக்குப் போட்டு அறவிடவும் அதுக்கு அதிகாரம் இருக்கு. பதியல்லண்டா நீங்க ஒரு சங்கம் மட்டும்தான், கெஞ்சிக் கேக்கலாம், மிரட்ட ஏலாது. சுனாமிக்குப் பிறகு கட்டின திட்டங்கள்ல இதப் பாக்காமலே வருசக்கணக்கா சண்ட புடிக்கிற ஆக்களும் இருக்காங்க.

அடுத்தது, ஏன் தராருல்ல எண்டு விசாரிங்க. நான் பாத்த வரைக்கும் காசு இல்லாம தராதவங்க கொஞ்சப் பேர்தான், "மேல் வீட்டு பாத்ரூம் தண்ணி என்ட சீலிங்ல ஒழுகுது, மூணு தரம் சொன்னன், ஒருத்தனும் திரும்பிப் பாக்கல்ல, நான் எதுக்குக் காசு தாறது" எண்டு மனசுக்குள்ள வெச்சிட்டு இருக்கிறவங்கதான் கூட. அப்படி ஒண்டு இருந்தா அதச் சரி பண்ணிக் குடுத்துட்டுக் கேளுங்க. தனியப் போகாதீங்க, அவரு மதிக்கிற பெரியவர் ஒருத்தரக் கூட்டிட்டுப் போங்க, அதுவும் சாப்பிட்ட பிறகு போங்க, பசியில இருக்கிறவனோட காசுக் கதை கதைக்கக் கூடாது. வாடகைக்கு இருக்கிறவரெண்டா அவரோட மல்லுக்கட்டுறதுல பலனில்ல, சொந்தக்காரருக்குக் கடிதம் போடுங்க.

சரிவராட்டி கூட்டத்துல தீர்மானம் எடுத்து, அறிக்கைப் புத்தகத்துல எழுதி, கமிட்டிப் பேர்ல கடிதம் குடுங்க. நிலுவைக் காசோட மோட்டர் கரண்ட் பில்லு, மழைக் காலத்துல கக்கூஸ் குழி இறைக்கிற கலி பவுசருக்குக் குடுத்த காசு எல்லாத்தையும் அதுல காட்டுங்க. வட்ஸ்அப் குரூப்புல பேரப் போட்டு அவமானப்படுத்துற வேல மட்டும் வேணாம், அதோட அவரு ஆயுசுக்கும் தரமாட்டாரு. அதுக்கும் மசியல்லண்டா, கோர்ட்டுக்கு முதல் ரெண்டு பக்கத்தையும் பேசிச் சமரசம் பண்ணி வைக்கிற இணக்கசபைக்குப் போகலாம். அங்க இணக்கம் வராட்டி ஒரு சான்றிதழ் தருவாங்க, அதோட கோர்ட்டுக்குப் போறது. பிளான் பதிஞ்ச கட்டடமெண்டா, தொடர்மாடிக் கட்டடங்களப் பாக்கிற அரசாங்க அமைப்பான கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபைக்கும் எழுதலாம்.

கேள்வி: மேல்மாடிப் பொடியன் ராவு பதினொண்டு தாண்டியும் சவுண்ட் பொக்ஸ்ல பாட்டுப் போடுறான். சொன்னா "என்ட வீடு" எண்டுறான். (மட்டக்களப்பு வாசகி)

பதில்: வீடு அவன்டதான், சத்தம் உங்கட வீட்டுக்கு வருதே புள்ள! ராவு 10 மணியில இருந்து காலம 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கிச் சத்தம் வெளிய வரக்கூடாதெண்டு உயர் நீதிமன்றம் 2007லயே சொல்லிட்டு. முதல்ல அவன்ட உம்மாவோ அம்மாவோ யாரு இருக்காங்களோ அவங்கட்டச் சொல்லுங்க, பாதி அங்கயே முடியும். முடியல்லண்டா, சத்தம் கேக்கிற நேரத்துலயே பொலிசுக்கு 119க்கு அடிங்க, விடிஞ்ச பிறகு சொல்லி வேலயில்ல.