நெறிமுறைப் பக்கமும் நடைமுறையும்

அன்புள்ள ஐயா,

முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். அண்மையில் ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினேன். மூன்றாம் நாளே ஏற்பு மடலும் கட்டண விவரமும் வந்தன. மதிப்பீட்டாளர் குறிப்பு எதுவும் இல்லை. ஆனால் இதழுக்கு ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறது, தளத்தில் வெளியீட்டு நெறிமுறைகளும் விரிவாக உள்ளன. ஆய்வில் பங்கே இல்லாத துறைத்தலைவரின் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார்கள். எல்லாரும் செய்வதுதான் என்கிறார்கள் நண்பர்கள். வெளியிடலாமா?

ஓர் ஆய்வு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

வெளியிட வேண்டாம். பணம் கட்டாமல், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக உடனே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். அங்கே ஒருமுறை வெளியாகிவிட்டால் அதே கட்டுரையை நல்ல இதழ் எதுவும் ஏற்காது.

ஐஎஸ்எஸ்என் என்பது தொடர் வெளியீடுகளை அடையாளம் காண வழங்கப்படும் எட்டு இலக்க எண். வார இதழுக்கும் அது கிடைக்கும், தரத்துக்கு அது சான்றல்ல. நெறிமுறைப் பக்கத்தையும் யாரும் பிற தளத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிவிடலாம். கேள்வி எழும்போது ஆசிரியர் குழு என்ன செய்கிறது என்பதை வைத்தே ஓர் இதழை எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

புகழ்பெற்ற மருத்துவ ஆய்விதழான லான்செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 குழந்தைகளை மட்டும் ஆராய்ந்து, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்ற ஐயத்தைக் கிளப்பிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 1998 பிப்ரவரியில் அதில் வெளியானது. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முனைந்த தரப்பிலிருந்து அவருக்குப் பணம் வந்ததைக் கட்டுரை மறைத்திருந்தது. 2004இல் பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் அதை வெளிக்கொண்டுவந்தார். உடன் எழுதியவர்களில் 10 பேர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு என்ற விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். அப்படியும் இதழ் கட்டுரையை முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010 பிப்ரவரியில்தான். அதற்குள் பிரிட்டனில் தடுப்பூசி போடுவது குறைந்து தட்டம்மை மீண்டும் பரவியிருந்தது. இந்தத் தாமதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதே இதழ் 2020 மே 22 அன்று, கொரோனா நோயாளிகளுக்குத் தரப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து குறித்து 96,032 நோயாளிகளின் தரவு என்று சொல்லி ஒரு கட்டுரையை வெளியிட்டது. வெளியிலிருந்த அறிவியலாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். தரவு வைத்திருந்த சர்ஜிஸ்பியர் நிறுவனம் அதைச் சரிபார்க்கத் தர மறுத்தது. கட்டுரையை எழுதிய நால்வரில் மூவர் கேட்டுக்கொண்டதன்பேரில் ஜூன் 4 அன்றே கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மூலத் தரவைப் பார்க்காமல் வெளியிட்டது பெருந்தவறுதான் என்றாலும், கேள்வி வந்தபோது பதில் சொல்ல அங்கே பொறுப்பான இதழாசிரியர்கள் இருந்தார்கள். உங்கள் கட்டுரையைப் படிக்காமலே ஏற்றவர்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

துறைத்தலைவர் விஷயம் உங்களுக்கு எவ்வளவு சங்கடமானது என்பது புரிகிறது. சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழுவின் விதிப்படி, ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்பு ஆகிய நான்கும் இருந்தால்தான் ஒருவர் கட்டுரையாசிரியர். பிற துறைகளுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். யார் என்ன செய்தார் என்று எழுதித்தரும் பங்களிப்புப் படிவத்தை நல்ல இதழ்கள் பல கேட்கின்றன. அதை உங்கள் நெறியாளரிடம் கொடுத்து, துறைத்தலைவருக்கான வரியை நெறியாளரையே நிரப்பச் சொல்லுங்கள்.

அவசரமும் வேண்டாம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறைகளில் நீக்கிவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அடுத்த இதழுக்கு அனுப்பும் முன், அதன் ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவருக்கு நேரடியாக எழுதி, அவர் உண்மையிலேயே அங்கே பணியாற்றுகிறாரா என்று கேளுங்கள். தம் பெயர் அங்கே இருப்பதே தெரியாத பேராசிரியர்கள் உண்டு.

அன்புடன்