கையில் பெரிய மீன், படத்தில் சின்ன மீன்

கேள்வி: காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடுகிறேன். பிடித்த மீனைப் போனில் எடுத்தால் சிறிதாகவும் கறுப்பாகவும் விழுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் மங்கல். என்ன செய்யலாம்?
– நோர்வூட் வாசகர்

பதில்: கறுப்பாக விழுவதற்குக் காரணம் மீனுக்குப் பின்னால் இருக்கும் மூட்டமும் மினுங்கும் தண்ணீரும்தான். பின்னணி வெளிச்சமாக இருந்தால் கெமரா முழுப் படத்தையும் இருட்டாக்கிவிடும். நீர்ப்பரப்பை விட்டுத் தேயிலைச் சரிவு பின்னால் வரும்படி திரும்பி நில்லுங்கள். திரையில் மீனின் உடலைத் தொட்டால் வரும் சூரியக் குறியைச் சற்று மேலே இழுங்கள். வெயில் ஏறிவிட்டால் எதிர்மாறு. திலாப்பியாவின் செதில் வெள்ளைத் திட்டாகப் பளிச்சிடும், அப்போது குறியைக் கீழே இழுத்து, மினுக்கம் போகும்வரை மீனைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும். பிளாஷ் வேண்டாம்.

படம் முழுக்கப் புகைபடிந்தது போல இருந்தால் லென்ஸைப் பாருங்கள். மீனின் வழுவழுப்பு பட்ட விரல்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம். காய்ந்த பருத்தித் துணி ஒன்றைத் தனியாக வைத்திருங்கள்.

சிறிதாகத் தெரிவதற்குப் பலர் செய்யும் வைத்தியம், மீனைக் கெமராவை நோக்கிக் கை நீட்டிப் பிடிப்பது. மீனோடு விரல்களும் பூதமாகிவிடும், பார்ப்பவர் நம்பமாட்டார். அகலக் கோண லென்ஸில் இது இன்னும் மோசம். முழங்கையை மடக்கி, மீனை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். எடுப்பவர் இரண்டடி பின்வாங்கி ஸூமை 2x வைக்கட்டும். நீளத்தைக் காட்டவேண்டுமானால் டேப்தான் ஒரே வழி: நனைத்த சாக்கில் மீனைக் கிடத்தி, வாயை மூடி, மூக்கு நுனியைப் பூச்சியத்தில் வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். சரிவாக எடுத்தால் அளவு தப்பும்.

கறிக்கு என்றால் செத்து நிறம் மாறுமுன் எடுத்துவிடுங்கள். திரும்ப விடுவதானால் போனைத் தயாராக்கிய பிறகே மீனை வெளியே எடுக்க வேண்டும். ஈரக்கையால் தொடுங்கள், காய்ந்த கை மேல்தோலின் வழுவழுப்பை உரித்துவிடும், பிறகு நோய் பிடிக்கும். செவுளில் விரல் விடாமல், ஒரு கை வாலடியிலும் மற்றது வயிற்றின் கீழுமாகக் கிடையாகத் தாங்குங்கள். பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். திலாப்பியாவின் முதுகுமுள்ளைத் தலையிலிருந்து வால்பக்கமாக அழுத்திப் பிடித்தால் குத்தாது.

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குவதால்தான் மங்குகிறது. அனுப்புமுன் எச்டி தெரிவைத் தொடுங்கள். டொக்கியுமென்டாக அனுப்பினால் தரம் அப்படியே இருக்கும், ஆனால் கெமராவில் இருப்பிடப் பதிவு திறந்திருந்தால் நீங்கள் நின்ற இடமும் கூடவே போய்விடும், அதனால் படம் எடுக்குமுன்பே அதை அணைத்துவிடுங்கள். பின்னணியும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்: மவுசாகலை நீர்த்தேக்கத்தில் மூழ்கி, நீர் வற்றும்போது தலைகாட்டும் பழைய மஸ்கெலியாக் கோயில் படத்தில் விழுந்தால் யாரும் கேட்கவே தேவையில்லை. இடத்தைச் சொல்ல விருப்பமில்லையென்றால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்புங்கள்.