டேப் கறுத்துவிட்டால் போதுமா?

கேள்வி: நான் செவிலியர் பயிற்சி மாணவி. ஆட்டோகிளேவிலிருந்து (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரம்) வரும் கருவிப் பொதியின் மேல் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடுகள் தெரிந்தால், உள்ளிருப்பவை கிருமியற்றவை என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. அனுபவமுள்ள செவிலியர்களும் செய்யக்கூடிய பிழை இது. அந்தக் கோடுகள், பொதி ஆட்டோகிளேவுக்குள் சென்று வெப்பத்துக்கு உட்பட்டது என்பதை மட்டுமே சொல்கின்றன. காற்றைப் புவியீர்ப்பால் வெளியேற்றும் சாதாரண ஆட்டோகிளேவில், துணியில் பொதிந்த கருவிகளுக்கு 121 டிகிரி செல்சியஸ் நீராவி 30 நிமிடங்கள் தேவை. பொதிகளை நெருக்கித் திணித்தால் நடுவில் காற்று தங்கி, வெளியே டேப் கறுத்தாலும் உள்ளே நீராவி எட்டாமல் போகலாம். ஆகவேதான் பொதிக்குள்ளும் ஒரு வேதிக் காட்டியை, அதாவது நீராவி எட்டினால் நிறம் மாறும் பட்டையை, வைக்கிறார்கள். பொதியைப் பிரிக்கும்போது, கருவிகளைத் தொடுவதற்கு முன்பே ஸ்கிரப் செவிலியர் (அறுவை சிகிச்சையில் கருவிகளை எடுத்துக் கொடுப்பவர்) அந்தக் காட்டியைப் பார்த்துவிட வேண்டும். கிருமிகள் உண்மையில் அழிந்தனவா என்பதை, வெப்பத்தை எளிதில் தாங்கும் ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளைக் கொண்டு வாரம் ஒருமுறையாவது சோதிப்பது வழக்கம். கருவியின் மூட்டில் இரத்தம் உலர்ந்திருந்தால், அதன் அடியில் நீராவி படாது; கழுவுவதில் காட்டிய அவசரத்தை எந்த ஆட்டோகிளேவும் ஈடுசெய்வதில்லை. ஈரமாகவோ கிழிந்தோ வந்த பொதியை, மருத்துவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், திருப்பி அனுப்புங்கள்.