கையை எடுத்ததும் சுருதி திரும்பவில்லையா?

கேள்வி: கிட் வாங்கி, ஸ்ட்ராட் வகை எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வீட்டிலேயே பூட்டினேன். சுருதியை ஆட்டும் ட்ரெமோலோ கைப்பிடியை ஒருமுறை அமுக்கினாலே சுருதி கலைந்துவிடுகிறது. உடல்மீது கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் பின்பக்கம் வேறு ஏகத்துக்குத் தூக்கி நிற்கிறது. கம்பியைப் பூட்டிப் பிடிக்கும் லாக்கிங் கீ (சுருதி கூட்டும் திருகு) வாங்கிப் போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அது கம்பி கீயில் வழுக்குவதைத்தான் தடுக்கும். இரண்டு மூன்று சுற்று ஒழுங்காகச் சுற்றினால் சாதாரணக் கீயே போதும். கைப்பிடியை அமுக்கி விட்டபின் எந்தக் கம்பியின் சுருதி ஏறுகிறது, எது இறங்குகிறது என்று ட்யூனரில் பாருங்கள்.

ஒன்றிரண்டு கம்பி மட்டும், பெரும்பாலும் மூன்றாவது கம்பி, சுருதி ஏறி நின்றால் கோளாறு நட்டில், அதாவது கழுத்தின் நுனியில் கம்பிகள் படியும் பள்ளமிட்ட பட்டையில். அமுக்கும்போது கம்பி தளர்ந்து கீ பக்கம் துளி நழுவுகிறது. கையை எடுத்ததும் அது திரும்பி வர வேண்டும். நட்டின் பள்ளம் கவ்விக்கொண்டால் வராது. கம்பியை இழுத்து வளைத்து வாசித்தபின் சுருதி இறங்குவதும் இதே காரணத்தால்தான். கீயைத் திருப்பும்போது நட்டில் 'டிங்' என்று கேட்டால் சந்தேகமே வேண்டாம். ஒரு நம்பர் மெலிந்த பழைய கம்பியில் 1000 நம்பர் உப்புத்தாளைச் சுற்றிப் பள்ளத்தின் பக்கச்சுவரை மட்டும் இழையுங்கள். அடியைத் தொட்டால் பள்ளம் ஆழமாகி, திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) உரசி இரையும். பிறகு 2பி பென்சில் கரியைப் பூசுங்கள்.

ஆறு கம்பியும் சேர்ந்தே தப்பினால் பிரிட்ஜைப் பாருங்கள். கிட் பூட்டுகிற பலர் பிரிட்ஜ் தகட்டின் முன்பக்கத்து ஆறு ஸ்க்ரூவையும் மர ஸ்க்ரூ மாதிரி இறுக்கிவிடுகிறார்கள். அவை கதவுக் கீல் மாதிரி, தகடு அவற்றில் தடையின்றி அசைய வேண்டும். கம்பிகளைத் தளர்த்தி, தகடு உடலோடு படிந்திருக்கும் நிலையில், ஸ்க்ரூத் தலைக்கும் தகட்டுக்கும் சுமார் 1.6 மி.மீ. இடைவெளி விடுங்கள். பிறகும் தீரவில்லையா? நடு நான்கு ஸ்க்ரூவையும் கழற்றிச் சோதியுங்கள். சரியானால், துளை ஏதோ ஒன்று வரிசை விலகியிருக்கிறது: பசை தடவிய பல்குச்சிகளால் அடைத்து, காய்ந்தபின் நேராகத் துளையிடுங்கள். கிட்டாரின் பின்மூடியைத் திறந்து, பிரிட்ஜின் அடியில் உள்ள இரும்புக் கட்டை குழியின் சுவரில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். பெயின்ட் கட்டியே போதும் இடிக்க.

பின்பக்கம் தூக்குவது, கம்பிகளின் இழுவிசை, பின்மூடிக்குள் பிரிட்ஜை எதிர்ப்பக்கம் இழுக்கும் ஸ்பிரிங்குகளை வெல்வதால். 9-42 தடிமன் கம்பிக்கு மூன்று ஸ்பிரிங் போதும். 10-46 என்றால் நான்காவது தேவைப்படலாம். ஸ்பிரிங்குகளின் மறுமுனையை மாட்டிய கிளா என்ற கொக்கித் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் அரைச் சுற்று இறுக்கி, சுருதி கூட்டி, மறுபடி அரைச் சுற்று. பொறுமை வேண்டிய வேலை, ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும். தகட்டின் பின்விளிம்பின்கீழ் 3 மி.மீ. டிரில் பிட் ஒட்டி நுழைந்தால் நிறுத்துங்கள். கிளாவில் பற்றவைத்த எர்த் ஒயர் அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறுந்தால் ஆம்ப் இரையும். இன்டோனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக ஒலிக்கக் கம்பி நீளத்தைச் சரிசெய்வது, இதற்குப் பிறகுதான்.

கேள்வி: சுருதியை ஆட்டும் கருவிக்கு ட்ரெமோலோ என்று ஏன் பெயர்?

பதில்: தவறான பெயர்தான். ட்ரெமோலோ ஒலியளவின் நடுக்கம். சுருதியின் நடுக்கம் வைப்ரேட்டோ. 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்ட லியோ ஃபெண்டரின் நிறுவனம் இப்படிப் பெயரிட, அதுவே நிலைத்துவிட்டது. அதே நிறுவனத்தின் பல ஆம்ப்களில் 'வைப்ரேட்டோ' என்று எழுதியிருப்பது ஒலியளவை ஆட்டும்!