சென்னைப் பட்டினத்தில் அரசு அறிவிப்புகள்: கேள்வி பதில்

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையில் அரசாங்கம் தன் உத்தரவுகளை ஊருக்கு எப்படித் தெரிவித்தது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அரசு அறிவிப்புகள் எந்தப் பத்திரிகையில் வெளிவந்தன?

தொடக்கத்தில் தனியார் பத்திரிகைகளில். 1785இல் தொடங்கிய ‘மெட்ராஸ் கூரியர்’ அவற்றுள் முதலாவது. அரசாங்கத்துக்கென்றே ‘ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெசட்’ 1832இல் வந்தது. இன்றைய தமிழ்நாடு அரசிதழ் அதன் வாரிசுதான்.

கேள்வி: கெசட் ஆங்கிலத்தில் இருந்தால் பாமர மக்களுக்கு என்ன புரிந்திருக்கும்?

ஒன்றும் புரிந்திருக்காது. கெசட்டை வைத்துக்கொண்டு ‘அன்று மக்கள் இப்படி அறிந்தார்கள்’ என்று எழுதுகிறவர்களிடம் எனக்குள்ள சண்டையே இதுதான். அச்சில் வந்துவிட்டால், ‘எனக்குத் தெரியாதே’ என்று எவரும் பிறகு வாதாட முடியாது. அந்தத் தாளின் பெரும்பயன் அவ்வளவே. காதில் விழச் செய்தது தமுக்கு. நாலு பேர் கூடும் இடத்தில் நின்று அடித்துவிட்டு, “இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்” என்று தொடங்குவார்கள். கச்சேரி என்று அன்று சொன்ன அரசு அலுவலகத்தின் சுவரில் தமிழ் நகல் ஒட்டப்படும். படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள்.

அந்த நகல்களின் தமிழே ஒரு தனி உலகம். அறிவிப்புக்குப் பெயர் ‘இஸ்தியார்’, உத்தரவுக்குத் ‘தாக்கீது’. இரண்டும் அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தவை. ‘ஏலம்’ போர்த்துக்கீசியர் விட்டுச்சென்றது. ‘விளம்பரம்’ என்றால் அரசு அறிவிப்பு என்றுகூடப் பொருள் இருந்தது. சோப்பு விற்கப் போனது பிற்பாடு.

தண்டோராவை நினைத்து உருகிப்போய் எழுதியிருந்த அன்பருக்கு ஒரு சொல். அடித்தவர் பெரும்பாலும் ஊரின் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். அவர் அதை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை, பிறப்பால் சுமத்தப்பட்ட வேலை அது. தமிழ்நாட்டில் இந்த முறைக்குத் தடை வந்தது 2022இல்.

கேள்வி: கப்பலில் இருப்பவருக்குச் சுவரொட்டியும் தமுக்கும் எட்டாதே?

நல்ல கேள்வி. அவர்களுக்குக் கொடிதான் நோட்டீஸ். சென்னைக்கு அப்போது துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்கும்; ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலையைத் தாண்டிக் கரை சேர வேண்டும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. கப்பலின் சொந்தப் படகுகள் அந்த அலைக்குத் தாங்கா. ஆகவே கடல் கொந்தளிக்கும் நாளில், கடற்கரையில் இருந்த மாஸ்டர் அட்டெண்டன்ட் (கப்பல் போக்குவரத்தைக் கவனித்த அதிகாரி) அலுவலகம் எச்சரிக்கைக் கொடி ஏற்றும்.

இதைவிட எனக்குப் பிடித்தது கொடி இல்லாத அறிவிப்பு. நூற்றாண்டின் முற்பகுதியில், அக்டோபர் 15 வந்தால் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தை இறக்கிவிடுவார்கள். டிசம்பர் 15 வரை ஏற்ற மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழைப் புயல்காலம், இங்கே நங்கூரமிடுவது ஆபத்து என்பது அதற்குப் பொருள். வெறும் வானத்தையே நோட்டீஸாக்கிய நிர்வாகம்! அந்த அச்சம் வீணானதல்ல. 1876இல் கட்டத் தொடங்கிய துறைமுகத்தை 1881 நவம்பர்ப் புயல் உடைத்துப் போட்டது.

கேள்வி: உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கல்தூண் பழைய கலங்கரை விளக்கமா?

ஆம், 1844இல் விளக்கேற்றியது. அதற்கு முன் 1796 முதல் விளக்கு கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் உச்சியில் எரிந்தது. 1894இல் நீதிமன்றத்தின் கோபுரத்துக்கே ஏறிவிட்டது. ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் மாலுமிகளுக்கு முன்கூட்டி அறிவித்தாக வேண்டும். பழைய விளக்கை நம்பி வருகிறவன் புதிய விளக்கைக் கண்டு குழம்பினால் கப்பல் போய்விடும்.

கேள்வி: பழைய ஏல அறிவிப்பில் வராகன் என்றும் ஃபசலி என்றும் வருகிறது. எப்படிக் கணக்கிடுவது?

வராகன் பொன் நாணயம், ஃபசலி வருவாய்க் கணக்குக்கான ஆண்டு. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1818இல் ரூபாய் நிலைநாணயமானபோது ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்தார்கள். ஃபசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும்: ஃபசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. 1855க்கு முன் ஃபசலி ஆண்டு ஜூலை முதல் தேதியில் அல்ல, ஜூலை நடுவாக்கில் பிறந்தது, கவனம். மூலத்தைப் பார்க்க எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். தாள்கள் நொறுங்கும் நிலையில் இருக்கலாம், மெல்லப் புரட்டுங்கள்.

கேள்வி: சுவரில் ஒட்டியதை மக்கள் கிழிக்கவில்லையா? எதிர் அறிவிப்பு எதுவும் உண்டா?

உண்டு. சென்னையை விட்டு உள்நாட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். 1801 ஜூனில் மருது சகோதரர்களின் பிரகடனம் திருச்சிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. கும்பினியாரை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியாரை, விரட்ட எல்லாச் சாதியாரும் சேர வேண்டும் என்ற அழைப்பு அது. அபராதம் விதிக்க அவர்களிடம் நீதிமன்றம் இல்லை. அதனால் கடைசியில், இதைச் சுவரிலிருந்து கிழிப்பவன் பஞ்சமா பாதகம் செய்தவன் ஆவான் என்று எழுதினார்கள்.