'லி' சேர்த்தால் மட்டும் போதுமா?

கேள்வி: ஆங்கிலத்தில் பெயரடையோடு (அட்ஜெக்டிவ்) 'லி' சேர்த்தால் வினையடை (அட்வெர்ப்) ஆகிவிடும் என்று படித்திருக்கிறேன். ஆனால், 'ஹி வொர்க்ஸ் ஹார்ட்லி' என்று என் மகன் எழுதியதை அவனுடைய ஆசிரியை அடித்துத் திருத்தியிருக்கிறார். ஏன்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஆசிரியை திருத்தியதுதான் சரி. 'ஹார்ட்லி' என்றால் 'அரிதாகவே' என்று பொருள். எனவே, கடுமையாக உழைப்பவரைப் பாராட்ட எழுதிய வாக்கியம், அவர் அநேகமாக வேலையே செய்வதில்லை என்று சொல்லிவிடுகிறது. 'ஹி வொர்க்ஸ் ஹார்ட்' என்பதே முறை. பழைய ஆங்கிலத்தில் பெயரடையின் இறுதியில் 'எ' என்ற உயிரொலியைச் சேர்த்தும் வினையடை ஆக்கினார்கள். பிற்காலத்தில் அந்த ஒலி தேய்ந்து மறைந்ததால், 'ஹார்ட்', 'ஃபாஸ்ட்' போன்ற சொற்களில் இரண்டுக்கும் ஒரே வடிவம் நிலைத்துவிட்டது. 'லேட்' என்பதும் அப்படியே. 'லேட்லி' என்றால் தாமதமாக என்று பொருளாகாது, அண்மைக் காலமாக என்றே பொருள்படும்.

மற்றபடி நீங்கள் படித்த விதி பெரும்பாலான சொற்களுக்குப் பொருந்தும். 'ஹாப்பி' என்பதன் இறுதி 'ஒய்' எழுத்து 'ஐ' ஆக மாறி 'ஹாப்பிலி' என்றாகும். 'ட்ரூ' தன் இறுதி 'ஈ' எழுத்தை இழந்து 'ட்ரூலி' ஆகும். 'குட்' மட்டும் முற்றிலும் உருமாறி 'வெல்' ஆகிவிடுகிறது. 'ஃப்ரெண்ட்லி' என்ற சொல் 'லி' என்று முடிந்தாலும் பெயரடைதான், ஏனெனில் அங்கே 'லி' சேர்ந்திருப்பது 'ஃப்ரெண்ட்' என்னும் பெயர்ச்சொல்லோடு.

இவற்றைவிட, தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு நாம் பொறுமையாக விளக்க வேண்டிய இடம் வேறொன்று உண்டு. 'அழகாகப் பாடுகிறாள்', 'அழகாக இருக்கிறாள்' என்று இரண்டு இடத்திலும் நாம் 'ஆக' என்றே முடிக்கிறோம். ஆங்கிலத்திலோ பாடும் செயலைச் சொல்லும்போது 'ஷி சிங்ஸ் பியூட்டிஃபுலி' என்று வினையடையும், ஆளின் தன்மையைச் சொல்லும்போது 'ஷி இஸ் பியூட்டிஃபுல்' என்று பெயரடையும் வர வேண்டும். 'லுக்', 'டேஸ்ட்', 'ஸ்மெல்' ஆகிய வினைகள் ஒரு பொருளின் தன்மையைக் குறிக்கும்போதும் பெயரடையையே ஏற்கும் என்பதால், சாம்பார் நன்றாக இருக்கிறது என்பதற்கு 'டேஸ்ட்ஸ் குட்' என்றுதான் எழுத வேண்டும். 'ஷி லுக்ட் ஆங்ரி' என்றால் அவள் கோபமாகக் காணப்பட்டாள். 'ஷி லுக்ட் ஆங்ரிலி அட் ஹிம்' என்றால் அவனைக் கோபமாகப் பார்த்தாள். இந்த இரண்டு வாக்கியங்களையும் மகனிடம் அடுத்தடுத்து எழுதிக் காட்டி, கோபம் ஆளைக் குறிக்கிறதா, பார்க்கும் செயலைக் குறிக்கிறதா என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள்.